நெத்திலியும் மத்தியும் இனி வருமா?

காரைக்குடியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்தும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: “அண்ணே, நெத்திலியும் மத்தியும் ஒரு வருஷம் கூடை கூடையா வருது. அடுத்த வருஷம் காசைக் கையில வச்சுக்கிட்டு நின்னாலும் கிடைக்க மாட்டேங்குது. கடல் சூடாகிக்கிட்டே வருது, இன்னும் 20 வருஷத்துல இந்தச் சின்ன மீனெல்லாம் இருக்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு. நெசந்தானா? நான் எதை நம்பி மெனு போடறது?”

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நெத்திலியும் மத்தியும் அடியோடு அழிந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எந்த மாதம் வரும், எந்தக் கரையில் வரும், எவ்வளவு வரும் என்று பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்களே, அந்தக் கணக்கு தப்பிக்கொண்டிருக்கிறது. மீன் இல்லாத வருஷம் அடிக்கடி வரும். வரும்போது முன்பைவிடக் கடுமையாகவும் இருக்கும். அப்படி ஒரு வருஷம் வரும்போது நாம் வலையை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மீன் சீக்கிரம் திரும்புவதும், பல வருஷம் திரும்பாமலே இருப்பதும்.

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. கடல் பற்றிய படிப்பு படித்துவிட்டு, தொண்டியிலும் மண்டபத்திலும் ஏலம் போடும் இடத்தில் பல வருஷம் உட்கார்ந்து மீனின் நீளத்தை அளந்து, வயிற்றைக் கீறிச் சினை பார்த்து, நோட்டில் எழுதியவன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

நம் சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் தொண்டி மீன் தேவகோட்டைக்கு வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுகிறது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன் அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்கு வருகிறது. வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் கோழியும் நண்டும்தான் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் அப்படியா? என் அப்பத்தா அடுப்படியில் ஓலைக் கொட்டான் ஒன்றில் நெத்திலிக் கருவாடு எப்போதும் இருக்கும். காய் வாங்க முடியாத நாளில் அதில் ஒரு கை எடுத்து, கத்தரிக்காய் ஒன்றிரண்டு கிடைத்தால் அதையும் சேர்த்து, புளிக் குழம்பு வைத்துவிடுவார். முள்ளோடு, தலையோடு முழுசாகத் தின்னும் மீன் அது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ, மத்தியில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு என்று, காசு குறைந்த வீடுகளுக்கு இந்த மீன்கள் கொடுத்த சத்து கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இவற்றின் நிலைமை என்ன என்பது எனக்குப் பாடப்புத்தகச் சங்கதி மட்டும் இல்லை.

சின்ன மீன் என்று பொதுவாகச் சொல்கிறோம். மேல்தண்ணீரில் கூட்டங்கூட்டமாகத் திரியும் மத்தி, சூடை, நெத்திலி, கொஞ்சம் பெரிதான கானாங்கெளுத்தி ஆகியவை ஒரு வகை. மத்தியை நம் கரையில் பேச்சாளை என்பார்கள். பாக் விரிகுடாவில் அடித்தரைக்குப் பக்கத்தில் மேயும் காரல் இன்னொரு வகை. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், ஆயுசு குறைவு. நெத்திலிக்கு ஒன்று, ஒன்றரை வருஷம். மத்திக்கு இரண்டரை, மூன்று வருஷம்; ஒரு வயது நிரம்புவதற்குள் சினை பிடித்துவிடும், ஆயிரக்கணக்கில் முட்டை போடும். களவா போல நெடுநாள் வாழும் மீனில் ஒரு வருஷத்துக் குஞ்சுகள் மொத்தமாகச் செத்தாலும் மூத்த மீன்கள் கடலில் இருக்கும், அடுத்த வருஷம் முட்டையிடும். மத்திக்கும் நெத்திலிக்கும் அந்த இருப்பு கிடையாது. வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்த குடும்பத்துக்கும் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கும் ஒரு மழைக்காலம் எப்படி வேறுவேறாக இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மத்தி கூலிக் குடும்பம். இந்த வருஷம் பொரித்தது பிழைத்தால்தான் அடுத்த வருஷம் வலையில் மீன்.

பிழைப்பது தீனியைப் பொறுத்தது. கடலின் வயல் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதையும், அதைத் தின்னும் பொடி உயிர்களையும் மத்தி வாயைத் திறந்துகொண்டே நீந்திச் செவுளில் சலித்துத் தின்கிறது. நுண்பாசி வளர வெயில் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேலே கிடைக்கிறது. உரமோ, செத்ததும் கழிந்ததும் அடியில் போய்ச் சேர்வதால், ஆழத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையோரத்து மேல்தண்ணீரைக் கடலுக்குள் ஒதுக்கித் தள்ளும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்தான தண்ணீர் கிளம்பி மேலே வரும். வயலுக்கு எரு அடித்த மாதிரி. மத்தி அந்த மாதங்களைப் பார்த்துத்தான் முட்டையிடுகிறது. குஞ்சு வாய் திறக்கும் நேரமும் கடலில் பாசி பூக்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். குஞ்சின் உடம்பில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் தீனி கிடைக்காவிட்டால் அத்தனையும் போச்சு.

சரி, சூடு இதில் எங்கே வருகிறது? சித்திரை மாதத்து மத்தியானத்தில் நம் ஊருணியில் இறங்கிப் பார்த்திருப்பீர்கள். மார்பளவு தண்ணீர் வெந்நீராக இருக்கும், பாதத்தில் மட்டும் சில்லென்று படும். சூடான தண்ணீர் லேசு என்பதால் மேலேயே நிற்கிறது, கீழே உள்ள குளிர்ந்த கனமான தண்ணீரோடு கலப்பதில்லை. கடலிலும் மேல்தட்டு சூடாக ஆக, அது ஒரு மூடியைப் போல அமர்ந்துகொள்கிறது. காற்று அதே வேகத்தில் அடித்தாலும் அடித்தண்ணீரைக் கிளப்பி மேலே கொண்டுவருவது கடினமாகிறது. உரம் வராத வயலில் பாசி குறைகிறது.

இந்த விஷயத்தில் நம் கடல் கொஞ்சம் கூடுதலாகவே அடிவாங்குகிறது. பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்கள்தான் உறிஞ்சிக்கொள்கின்றன. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உலகக் கடல்களின் சராசரி அதே காலத்தில் 0.7 டிகிரி. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்று கடல் காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2016இல் எழுதினார்கள். ஒரு டிகிரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு வெளியே எத்தனை சூடு இருந்தாலும் உடம்பு தன் சூட்டைச் சமாளித்துக்கொள்ளும். மத்திக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. முட்டை பொரிக்கும் வேகம், பசி, மூச்சு எல்லாமே அதோடு மாறும். அதுவும் நம்முடையது ஏற்கெனவே வெந்நீர்க் கடல். இங்குள்ள மீன்கள் தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2012இல் அங்கே பிடித்த மத்தி சுமார் 3.9 லட்சம் டன். அப்புறம் சரிவு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலகத்து வானிலையையே புரட்டும் எல் நினோ 2015-16இல் வந்தபோது இருந்த சூட்டை ஒரு முக்கியக் காரணமாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் சுட்டிக்காட்டினார்கள். 2021இல் மொத்தப் பிடிப்பு 3,297 டன்! நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட இல்லை. மத்தி இல்லாமல் சோறு இறங்காத மக்கள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து லாரியில் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். உங்கள் மெஸ்ஸுக்கு மத்தி கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கரையில் பிடித்ததும் மலை தாண்டிப் போய்விட்டது. இனி அவ்வளவுதான் என்று பலரும் முடிவுகட்டிய பிறகு, 2023இல் 1.38 லட்சம் டன் வந்தது. அடுத்த வருஷமும் குவிந்தது, ஆனால் மீனெல்லாம் சின்னது. நல்ல மழைக்காலத்தில் அளவுக்கு மீறிக் குஞ்சு பிழைத்து, இருக்கிற தீனிக்கு நெரிசலாகி, வளர முடியாமல் போயிற்று. விலை போகாமல் வலைக்காரர்கள் திண்டாடினார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மத்திக்கு ஏறி இறங்கும் குணம் பிறவியிலேயே உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா கரையை ஒட்டி ஒரு கடற்பள்ளத்தில் காற்றே இல்லாத சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதில் விழுந்த மீன் செதில்கள் மக்காமல் அப்படியே இருக்கின்றன. அடுக்கு அடுக்காகச் செதிலை எண்ணிப் பார்த்தபோது, சுமார் 1700 ஆண்டுகளில் மத்தி இனம் பலமுறை பெருகி, பலமுறை ஏறக்குறைய மறைந்து, மறுபடி வந்திருப்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் விசைப்படகும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை. எனக்கு இந்த ஆய்வைப் படித்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடலைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதி அன்றைக்கு மாறியது.

நம் பக்கமும் பழைய அனுபவம் உண்டு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1940களில் மத்தி படுமோசமாகக் குறைந்தபோது, 1943இல் மாகாண அரசு சினை மீனையும் குஞ்சையும் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. மத்திகொல்லி வலை என்றே பெயர் வாங்கிய சிறுகண் வலைக்கும் கட்டுப்பாடு வந்தது. சில ஆண்டுகளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. என்றாலும், இல்லாத வருஷத்தில் குஞ்சை விட்டுவிட வேண்டும் என்ற புத்தி நமக்கு 80 வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

அப்படியானால் இப்போது புதிதாக என்ன? கண்மாயை வைத்துச் சொல்கிறேன். நம் பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் ஒரு வருஷம் நிறையும், ஒரு வருஷம் பாதி, ஒரு வருஷம் தரை தெரியும். அதற்குத் தகுந்தபடி வாழப் பழகியிருந்தோம். தொடர்ந்து மூன்று வருஷம் காய்ந்து, நாலாவது வருஷம் ஒரே நாளில் உடைப்பெடுத்தால் பழக்கமெல்லாம் உதவாது. கடலுக்கு வந்திருப்பது அந்த மாதிரி மாற்றம். கடலிலும் வெப்ப அலை உண்டு, நாள்கணக்கில், வாரக்கணக்கில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் நிற்பது. 1982க்குப் பிறகு உலக அளவில் அவை வரும் தடவை இரட்டிப்பாகிவிட்டது என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் 2019 அறிக்கை சொல்கிறது. ஒரு வருஷத்துக் குஞ்சை மொத்தமாகக் கொல்ல ஒரு வெப்ப அலை போதும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் வந்தால், ஆயுசே மூன்று வருஷமான மீனுக்கு முட்டையிட ஆளே மிஞ்சாது.

இந்த இடத்தில் பெரு நாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலகத்திலேயே மிகப் பெரிய நெத்திலிக் கூட்டம் அந்தக் கடலில்தான். 1970இல் ஒரு கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல் பிடித்தார்கள். 1972இல் எல் நினோ வந்தது. வெந்நீர் கரையில் படிந்து அடித்தண்ணீர் மேலே வராமல் தடுத்தது. மீன் கரையோரத்தில் மிச்சமிருந்த குளிர்ந்த தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நெருக்கமாக நின்றதால் பிடிப்பதும் எளிதாயிற்று, பிடித்தார்கள். 1973இல் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பழையபடி தலையெடுக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அதே பெருவில் 2023இல் மறுபடி எல் நினோ. ஆய்வுக் கப்பல் போய்ப் பார்த்து, இருப்பதெல்லாம் பெரும்பாலும் குஞ்சு என்று சொன்னது. வடக்கு, மத்தியப் பகுதியின் முதல் பருவத்தை அரசு அடியோடு ரத்து செய்தது. ஆலைகள் பூட்டின, படகுக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் 2024இல் மீன் திரும்பியது, பிடிக்கலாம் என்று அரசு கொடுத்த அளவு ஏறக்குறைய முழுசாகப் பிடிபட்டது. சூட்டைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. இருந்த மீனை விட்டுவைக்க முடிந்தது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலில் முக்கால்வாசி பெருவின் 1972க்கும் 2023க்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான்.

மீன்கள் சும்மா நின்று சாவதில்லை, நகரவும் செய்கின்றன. உலகக் கடல்களில் மேல்தண்ணீர் உயிர்கள் 1950களிலிருந்து பத்தாண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வீதம் குளிர்ந்த பக்கம் பார்த்து நகர்ந்திருக்கின்றன. நம் நாட்டில் 1980களின் நடுப்பகுதி வரை மத்தி என்றால் கேரளமும் கர்நாடகக் கரையும்தான். அப்புறம் வடக்கே மகாராஷ்டிரம் பக்கமும், கிழக்கே நம் தமிழ்நாட்டுக் கரையிலும் நிறையப் பிடிபடத் தொடங்கியது. என் அப்பத்தாவுக்குச் சூடை தெரியும்; பேச்சாளையை அவர் பெரிதாகச் சமைத்து நான் பார்த்ததில்லை. கானாங்கெளுத்தி வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. மேல்தண்ணீர் மீனான அது இப்போது அடியில் இழுக்கும் மடி வலைகளிலும் முன்பைவிட அதிகமாக விழுகிறது. குளிர்ச்சி தேடிக் கீழே இறங்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சங்கரா இன்னொரு உதாரணம். சென்னைக் கரையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சினையோடு பிடிபடும் சங்கரா குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களில் சினை மீன் கூடியிருப்பது 1980களிலிருந்து எடுத்த கணக்கில் தெரிந்தது.

ஆனால் இந்த நகர்வுக்கு ஒரு முட்டுச்சுவர் இருக்கிறது. அட்லாண்டிக் மீன் வடக்கே போய்க்கொண்டே இருக்கலாம். இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே ஆசியக் கண்டம் நிற்கிறது. பாக் விரிகுடா மீனுக்கு இன்னும் நெருக்கடி. தெற்கே ஆதம் பாலத்து மணல்திட்டுகள், இரண்டு பக்கமும் கரை. சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான். தொண்டியில் இறங்கி நடந்தால் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே போகலாம். கீழே இறங்கிக் குளிர்ச்சி தேடலாம் என்றால் கீழே என்று ஒன்று இல்லை. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சுடும்.

சூட்டோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயில் விடியற்காலையில் கெண்டையெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மீன் துள்ளி விளையாடுகிறது என்று சின்ன வயதில் நினைத்தேன். அது மூச்சுக்குத் தவிப்பது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். ராத்திரி முழுக்கப் பாசியும் அதை இழுத்துக்கொள்வதால் விடியும்போது மிகக் குறைந்திருக்கும். அதே நேரத்தில், சூட்டில் மீனின் உடம்புக்கு வாயு அதிகமாக வேண்டியிருக்கிறது. வரவு குறைய, செலவு கூட. உலகக் கடல்கள் 1960லிருந்து 2010க்குள் தங்கள் பிராணவாயுவில் சுமார் 2 சதவீதத்தை இழந்துவிட்டன. வெந்நீரில் வளரும் மீன் பல இடங்களில் சிறுத்துப்போவதற்கு இந்த மூச்சுத் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது டேனியல் பாலி என்ற மீனியல் அறிஞர் வெகுகாலமாகச் சொல்லிவருவது. அதை மறுப்பவர்களும் உண்டு, வாதம் இன்னும் முடியவில்லை. உடம்பு சிறுத்தால் முட்டையும் குறையும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கத்தில் கடல் பச்சைப் பசேலென்று ஆகி, மீன்கள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பச்சைப் பூங்கோரை என்று மீனவர்கள் சொல்லும் நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்தது. அது பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் வாயுவையெல்லாம் தின்றுவிடும். பூங்கோரை பழைய காலத்திலும் வந்ததுதான்; அந்த ஒரு வருஷத்தைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத எனக்கு மனசு வராது. ஆனால் சூடும், கரையிலிருந்து சாக்கடையாக ஓடிவரும் உரமும் சேர்ந்தால் அதற்கு விருந்துதான்.

புளிப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் எரிக்கும் கரியிலிருந்து வரும் கரியமில வாயு கடலில் கரைந்து, சோடாவைப் போல லேசான அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் அமிலத்தன்மை கால்வாசிக்கு மேல் கூடிவிட்டது. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் பழைய பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைத்துக் கரையும். கடலில் மிதக்கும் பொடி நத்தைகளுக்கும் அதே சுண்ணாம்பில்தான் ஓடு. அவற்றைச் சின்ன மீன்கள் தின்கின்றன. கடல் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிக்கப்போவதில்லை, ஆனாலும் ஓடு கட்டுவதற்கு அந்த உயிர்கள் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும். நம் கரை மத்திக்கு இது உடனடி ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். சூடும் மூச்சும் முந்திக்கொள்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குக் கவலை தருவது வேறு. மீன் குறைந்த வருஷத்தில் விலை ஏறுகிறது. விலை ஏறினால் குஞ்சுக்கும் விலை கிடைக்கிறது. மனிதன் தின்னாத அளவு குஞ்சு என்றால் தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் அனுப்பலாம். பாக் விரிகுடாக் காரலில் எவ்வளவோ அப்படித்தான் போகிறது. உங்கள் மெஸ்ஸில் வறுக்கும் கோழியே நெத்திலிக் குஞ்சைத் தின்று வளர்ந்ததாக இருக்கலாம். மனிதர் தின்னக்கூடிய மீனை, அதுவும் ஏழைகள் தின்னும் மீனை, இப்படிச் செலவழிப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கராவைப் போல மற்ற மீன்களும் சினைக்காலத்தை மாற்றிக்கொண்டால், நாட்காட்டியில் எழுதிய தடை மீனுக்கு உதவாத மாதத்தில் போய் நிற்கும். வருஷா வருஷம் சினை பார்த்து, குஞ்சின் அளவு பார்த்து, அதற்கேற்பத் தடையை நகர்த்தும் துணிவு வேண்டும். வருமானம் இழக்கும் நாளுக்கு மீனவர் வீட்டுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும், அது இல்லாமல் தடை பேசுவது நியாயமில்லை. புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்கள் வேறு அவர்களுக்கு இருக்கின்றன. விரிகுடாவின் கடற்புல் படுகையும், காரங்காடு போன்ற இடங்களின் அலையாத்திக் காடும் குஞ்சுகளுக்குத் தொட்டில். அங்கே மடி இழுத்துப் புல்லைப் பெயர்ப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது. சூடு ஏறிய காலத்தில் இந்தத் தொட்டில்கள் முன்பைவிட அதிகம் தேவை.

இந்த மாற்றத்தில் முதலில் அடிபடுவது கருவாடு காயவைக்கும் பெண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டால் இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். பருவம் தப்பி ஒரு மழை இறங்கினால் பரப்பிய அத்தனையும் நாறிப்போய்க் குப்பைக்குப் போகும். கடன் வாங்கி ஏலம் எடுத்த மீன் அது. படகு சேதமானால் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள். நனைந்த கருவாட்டைக் கணக்கெடுக்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் மெனு. மத்தி, நெத்திலி என்று பலகையில் பெயிண்ட் அடித்து நிரந்தரமாக எழுதாதீர்கள். ‘இன்றைய மீன்’ என்று ஒரு சிலேட்டில் எழுதுங்கள். மத்தி இல்லாத மாதம் சூடை வரும். சூடை இல்லாவிட்டால் காரல், முரல். நம் மசாலா எந்தச் சின்ன மீனுக்கும் பொருந்தும். முள் அதிகம் என்று முகம் சுளிப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கூட வறுத்துக் கொடுங்கள், முறுக்கு மாதிரி நொறுங்கும். நெத்திலி குவிந்து விலை விழும் வாரத்தில் நம்பகமான கைக்குச் சொல்லி, மண் படாமல் வலைப் பரணில் காயவைத்த கருவாடாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத மாதத்தில் கருவாட்டுத் தொக்கு போடலாம்.

அப்புறம் ஒன்று. குஞ்சு மீனை மலிவாகத் தருகிறேன் என்று சொன்னால் வாங்காதீர்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சினை பிடிக்க அது ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வளர வேண்டும். மீன் நறுக்கும் பலகையின் ஓரத்தில் இந்த இரண்டு அளவையும் கத்தியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோட்டை எட்டாத மத்தி வந்தால், மீன் கொண்டுவரும் அம்மாவிடம், இனிமேல் இந்த அளவில் எடுத்துவர வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லுங்கள். அவர் ஏலத்தில் நிற்கும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்வார். நான் மீன் அளந்த காலத்தில் எங்கள் தாள்களைவிடக் கச்சிதமாக எந்த வாரம் எந்த மீன், எவ்வளவு நீளம் என்று மனசில் வைத்திருந்தவர்கள் அந்த அம்மாக்கள்தான்.